விழித்தெழும் முதல் ஒரு மணி நேரம்

காலையில் கண் விழித்துக் கட்டிலை விட்டு இறங்குகிறோம். முதல் அடி தரையில் படுகிறது. குதிகாலில் ஆணி தைத்தது போன்ற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குளியலறை வரை செல்வதற்குள் அது பாதியாகக் குறைந்துவிடுகிறது. காப்பி குடித்து முடிக்கும்போது மறந்தும் போகிறது. மறுநாள் காலையில் மீண்டும் அதே ஆணி.

இன்னொருவருக்கு இதே நேரத்தில் வேறொன்று நிகழ்கிறது. வாசல் கூட்டுவதற்காகக் குனிகிறார். அல்லது குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று அவசரமாகக் குடத்தைத் தூக்குகிறார். இடுப்பில் சுளீர் என்கிறது. அதன்பின் நிமிர முடியவில்லை.

எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம் வலி எப்போது தெரிகிறது என்று கேட்டால், இவ்விரண்டில் ஒன்றைச் சொல்வோர் பலர். காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டால், இரவு படுத்த விதம், வாயு, பனி, வயது என்று விடைகள் பலவாகின்றன. இவற்றில் எதுவும் முழு உண்மை அன்று. நாம் உறங்கும்போது பாதமும் முதுகும் சும்மா இருப்பதில்லை, இரண்டும் மாறுகின்றன. மாறிய உறுப்பைப் பழைய வேகத்திலேயே வேலை வாங்குவதால்தான் காலை நேரம் வலியின் நேரமாகிறது. இதைப் புரிந்துகொண்டால், மருந்தில்லாமலே செய்துகொள்ளக்கூடியவை பல இருப்பது தெரியவரும்.

பாதத்தில் நிகழ்வது

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை வில் போல வளைத்து நிறுத்துவதில் பெரும்பங்கு, குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரை செல்லும் ஒரு திசுப்பட்டைக்கு உண்டு. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்திற்கு இந்தப் பட்டை அப்படி. நின்றால் இழுபடுகிறது, நடந்தால் அடிக்கு அடி இழுபட்டுத் தளர்கிறது. நாள் முழுதும் கடினமான தரையில் நிற்பவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் இந்தப் பட்டை குதிகாலில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. 40 முதல் 60 வயது வரை உள்ளோரிடம் இதை அதிகம் காண்கிறோம்.

உறங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குகிறது. பட்டையும் கெண்டைக்கால் தசையும் அந்தச் சுருங்கிய நிலையிலேயே பல மணி நேரம் இருந்துவிடுகின்றன. எழுந்தவுடன் உடலின் முழு எடையையும் அதன்மேல் வைக்கும்போது, நைந்த இடம் திடீரென இழுபடுகிறது. அதுவே அந்த ஆணி. நடக்க நடக்கப் பட்டை நெகிழ்வதால் வலி குறைகிறது. பேருந்தில் நெடுநேரம் அமர்ந்து இறங்கும்போதும் இதே வலி வருவதற்குக் காரணம் இதுவே.

"குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம், அறுவை செய்ய வேண்டுமா?" என்று எக்ஸ்ரே படத்துடன் கலங்கி வருவோர் பலர். வலியே இல்லாத பலருடைய படத்திலும் அந்த முள் போன்ற எலும்பு தெரியும். ஆகவே படத்தில் முள் இருப்பதே வலிக்குக் காரணமாகிவிடாது. பெரும்பாலோருக்கு அறுவையின்றியே குணமாகிறது. ஆனால் வாரக் கணக்கில் அன்று, மாதக் கணக்கில். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் பாதியில் பயிற்சியை நிறுத்திவிட்டு மாத்திரைக்குத் திரும்புகின்றனர்.

பயிற்சி எளியது, செய்யும் நேரம்தான் முக்கியம். கட்டிலிலிருந்து இறங்குமுன் செய்ய வேண்டும். உட்கார்ந்தபடியே வலிக்கும் காலை மற்றத் தொடையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால்விரல்களைக் கையால் பற்றி, முழங்காலை நோக்கிப் பின்னால் வளையுங்கள். உள்ளங்காலில் நாண் போல ஒன்று விறைத்து நிற்பதை மற்றக் கையின் விரலால் தொட்டு உணரலாம். 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இவ்வாறு 10 முறை. இதையே பகலில் இன்னும் இருமுறை செய்யுங்கள். காலைத் தூக்கி வைக்க இயலாத முதியோர், ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி இரு முனைகளையும் தம் பக்கம் இழுத்தால் போதும். கெண்டைக்காலுக்கு, சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்ந்து நிற்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, செருப்பு. இங்கு நம் வழக்கத்தோடு சற்று வாதாட வேண்டியிருக்கிறது. மண் தரையில் வெறுங்காலுடன் நடந்த பாட்டிமார்களுக்குக் குதிகால் வலி இல்லையே என்று சிலர் கேட்கின்றனர். அவர்களுக்கு வலி இருந்ததா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் நிற்பது சாணம் மெழுகிய மண் தரையில் அன்று, கிரானைட்டிலும் டைல்ஸிலும். இவை சிறிதும் அமுங்குவதில்லை. சமையலறையில் காலை இரண்டு மணி நேரம் வெறுங்காலுடன் நிற்பது குதிகாலுக்குப் பெரும் சுமை. வெளியே அணியாத, வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென ஒரு மெத்தென்ற செருப்பை வைத்துக்கொள்ளுங்கள். பூசை அறை வாசலில் கழற்றி வைத்துவிடலாம். வீட்டுக்குள் செருப்பா என்று மூத்தவர்கள் முகம் சுளித்தால், மருத்துவமனையில் சொல்லித்தான் அணிகிறேன் என்று எங்கள்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

முதுகில் நிகழ்வது

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்த வட்டுகள் உள்ளன. டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் மக்கள் சொல்வது இவற்றையே. பகலில் நிற்கும்போதும் அமரும்போதும் இவற்றிலிருந்து நீர் சிறிது சிறிதாகப் பிழியப்படுகிறது. இரவில் படுத்ததும் நீர் மீண்டும் ஊறி நிறைகிறது. இதனால் மாலையில் இருப்பதைவிடக் காலையில் நாம் உயரமாக இருக்கிறோம். நூற்றில் ஒரு பங்கு அளவு வேறுபாடு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வரை. விழித்தெழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்தக் கூடுதல் உயரத்தில் பாதி போய்விடுகிறது.

நீர் நிறைந்து விம்மிய வட்டு குனிவதை விரும்புவதில்லை. மாலையில் எளிதாகக் குனியும் அதே அளவு அதிகாலையில் குனிந்தால், வட்டின்மீதும் அதைச் சுற்றியுள்ள தசைநார்கள்மீதும் விழும் இழுவிசை மிகக் கூடுதல். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்னூக்கும் அவருடைய குழுவினரும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள்பட்ட இடுப்பு வலி உடையவர்களிடம் அதிகாலையில் குனிவதைத் தவிர்க்கச் சொன்னார்கள். வலி உணரும் நாட்கள் குறைந்தன. ஒரு காசு செலவில்லாத மருத்துவம்.

நம் வீடுகளில் அதிகாலை வேலைகளை எண்ணிப் பாருங்கள். படுக்கையை மடித்தல், குட்டைத் துடைப்பத்தால் வாசல் கூட்டுதல், முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் கோலமிடுதல், தண்ணீர் பிடித்தல். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. குனிந்து செய்யும் வேலைகள் யாவும் முதுகு மிகவும் மறுக்கும் நேரத்தில் வந்து குவிகின்றன, அதுவும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே.

கோலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வேலைகளின் வரிசையை மாற்றச் சொல்கிறோம். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். வலப்புறம் சாய்ந்து எழ வேண்டும் என்று பெரியோர் சொல்லிவைத்தது முதுகுக்கும் பொருந்தும். முதலில் நின்றும் நடந்தும் செய்யும் வேலைகளை முடியுங்கள்: அடுப்பைப் பற்றவையுங்கள், பால் காய்ச்சுங்கள், மாடிக்குப் போய்த் துணி எடுத்து வாருங்கள். அரை மணியோ ஒரு மணியோ கழித்து வாசலுக்குச் செல்லுங்கள். நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பம் வாங்குங்கள். முழங்காலில் வலி இல்லாதவர் குந்தியோ, குட்டை முக்காலியில் அமர்ந்தோ கோலமிடலாம். பொழுது விடியுமுன் வாசல் விளங்க வேண்டும் என்று கருதுவோர் சற்று முன்னதாக எழ வேண்டும்; அல்லது வீட்டில் இடுப்பு வலி இல்லாத ஒருவர் கையில் துடைப்பத்தைக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் ஆணாக இருந்தாலும் வாசல் சுத்தமாகவே இருக்கும்.

காலையில் எழுந்தவுடன் சூரிய நமஸ்காரம் செய்யும் அன்பர்களுக்கும் இதுவே விதி. இடுப்பு வலி இருந்தால் முன்குனியும் ஆசனங்களைப் பின்னுக்குத் தள்ளுங்கள். நடைக்குப் பிறகு செய்யுங்கள்.

வலி வந்துவிட்டால்? முன்பெல்லாம் பலகைக் கட்டிலில் வாரக் கணக்கில் படுக்கச் சொன்னார்கள். அந்த அறிவுரையை மருத்துவ உலகம் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1995-இல் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்வில், படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, வலி அனுமதிக்கும் அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். ஒருமுறை வந்த வலி மீண்டும் வராமலிருக்க நடையே நல்ல துணை. 2024-இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 701 பேர் பங்கேற்றனர். இடுப்பு வலியிலிருந்து மீண்ட அவர்களுள் ஒரு பிரிவினருக்கு, படிப்படியாக நடையைக் கூட்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி இல்லாதவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கான இடைவெளி 112 நாட்களாக இருக்க, நடந்தவர்களுக்கு அது 208 நாட்களாக நீண்டது. இடுப்புப் பட்டை அணிந்துகொண்டால் வலியே வராது என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று இல்லை.

நிற்பவர்களும் அமர்பவர்களும்

காலையில் தெரியும் குதிகால் வலி முந்தைய நாளில் சேர்த்து வைத்தது. துணிக்கடைகளில் பணிபுரியும் பெண்கள் பலர் எங்களிடம் வருகின்றனர். பத்து மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுபவர்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டு, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இருக்கை சலுகை அன்று, உரிமை. அமர வழியில்லாத நேரத்தில் ஒரு காலைச் சிறு பலகைமேல் மாற்றி மாற்றி வைத்து நிற்பது இடுப்புக்குச் சற்று ஆறுதல் தரும்.

அமர்ந்தே வேலை செய்வோருக்குச் சொல்ல வேண்டியது குறைவு: எந்த விலையுயர்ந்த நாற்காலியாலும் எழுந்து நடப்பதற்கு ஈடாக முடியாது. அரை மணிக்கு ஒருமுறை எழுங்கள்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு

இந்தப் பகுதியை எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். பக்கவாதத்தால் படுத்திருந்த மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், மூன்றாவது வாரத்தில் தாமே நோயாளியாக எங்களிடம் வந்தார். நிமிர முடியவில்லை. அவர் கேட்டது தம் வலியைப் பற்றி அன்று. "நான் படுத்துவிட்டால் அத்தையை யார் பார்ப்பது?" என்றார்.

எப்படித் தூக்குகிறீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னோம். கட்டிலின் அருகே கால்களைச் சேர்த்து நின்று, இடுப்பை வளைத்து, நோயாளியின் இரு அக்குள்களிலும் கை கொடுத்து மேலே இழுத்தார். நாளொன்றுக்கு எத்தனை முறை என்று அவர் எண்ணியதில்லை. முதல் முறை மட்டும் அவருக்கு நினைவிருந்தது: காலை ஐந்து மணிக்கு, பெட்பேன் வைப்பதற்காக, தரையில் விரித்த பாயிலிருந்து எழுந்த மறுகணமே. முதுகு மிகவும் மறுக்கும் நேரத்தில் மிகக் கனமான வேலை. மருத்துவமனையில் கட்டிலுக்கடியிலும் நடைபாதையிலும் படுத்தெழும் உடனிருப்போர் அனைவருக்கும் நிலை இதுவே.

அவருக்கு நாங்கள் கற்பித்தவற்றை உங்களுக்கும் சொல்கிறோம்.

எழுந்தவுடன் நோயாளியைத் தொடாதீர்கள். அவசரம் இல்லையென்றால் ஐந்து நிமிடமாவது நடங்கள். வெந்நீர் வாங்கி வாருங்கள். பிறகு தொடங்குங்கள்.

நோயாளியைப் புரட்டுவதற்குத் தூக்க வேண்டியதில்லை. உங்களுக்கு அப்பால் உள்ள அவருடைய முழங்காலை மடக்கி நிறுத்துங்கள். அப்பால் உள்ள கையை மார்பின்மேல் வையுங்கள். இப்போது அவருடைய தோளிலும் இடுப்பிலும் கை வைத்து உங்கள் பக்கம் ஈர்த்தால், உடல் தானே உருண்டு வரும். கட்டில் தாழ்வாக இருந்தால் உங்கள் ஒரு முழங்காலைக் கட்டிலின்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பு வளைவது பாதியாகும்.

படுக்கையில் கீழே சரிந்தவரை மேலே நகர்த்த இருவர் வேண்டும். பழைய நூல் சேலையொன்றை நான்காக மடித்துத் தோளிலிருந்து பிட்டம் வரை அடியில் விரித்து வையுங்கள். தலையணையை எடுத்துவிடுங்கள். இருபுறமும் நிற்பவர்கள் சேலையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, கால்களை அகற்றி வைத்து, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் சறுக்கி நகர்த்த வேண்டும். நோயாளியால் இயன்றால் முழங்காலை மடக்கிப் பாதத்தால் உந்தச் சொல்லுங்கள்.

எழுப்பி நிறுத்தும்போது ஒருபோதும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் எளிதில் பாதிக்கப்படும். பிறகு அந்த வலிக்கும் சிகிச்சை தேவைப்படும். நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் போடுங்கள்; சக்கர நாற்காலியானால் பூட்டுங்கள். அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை முன்சாயச் சொல்லுங்கள். உடல் முன்சாயாமல் எவராலும் எழ முடியாது. நீங்களே நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து முயன்று பாருங்கள். முன்சாய்ந்தபின், அவர் இடுப்பில் கட்டிய அகலமான துணிப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணி, அவருடன் சேர்ந்து எழுங்கள். எழுபவர் அவர், நீங்கள் அவர் விழாமல் காப்பவர். இருவராகவும் இயலாத கனமுள்ளவரானால் தனியாக முயலாதீர்கள். அண்டை வீட்டாரை அழைப்பதில் வெட்கம் இல்லை.

குளிப்பாட்டும்போது நோயாளியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, அவர் காலைக் கழுவும் நேரத்தில் நீங்களும் எதிரே முக்காலியில் அமர்ந்துவிடுங்கள்.

அந்தப் பெண் இரண்டு வாரங்களில் தேறினார். அதைவிட எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது, அவருடைய கணவரும் உடன் வந்து சேலையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. டிஸ்சார்ஜ் நாள் தெரிந்தவுடனே எங்களை அழையுங்கள். வீட்டில் யார் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர்கள் எல்லோரும் வார்டிலேயே இருமுறை செய்து பழகிவிட்டுச் செல்லலாம்.

வலி தெரியாத பாதம்

மேலே கூறியவை யாவும் வலியை உணரும் பாதங்களுக்கு. நீரிழிவு நாள்பட்டு, பாத உணர்ச்சி குறைந்தவர்களின் நிலை வேறு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் ஏன் சிதைகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாததால் கல்லும் முள்ளும் செருப்பும் ஏற்படுத்தும் காயத்தின் மேலேயே அவர்கள் நடந்துகொண்டிருந்தனர் என்று கண்டார். அவர்களுக்காக உருவாக்கிய நுண்துளை ரப்பர் செருப்புகளின் வழியில் வந்தவையே, இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்புகள்.

உணர்ச்சி குறைந்தவர்கள் குதிகாலுக்குப் பனிக்கட்டி ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ கொடுக்கக் கூடாது. நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலுடன் சுற்றக் கூடாது; கொப்புளம் எழுந்த பின்னும் சுட்டது தெரியாமல் வருபவர்களைக் கோடைதோறும் பார்க்கிறோம். காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்; கண் பார்வை மங்கியவருக்கு வீட்டிலுள்ள குழந்தை பார்த்துச் சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இடுப்பு வலியுடன் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் வராமல் அடைத்தாலும், தொடையிடுக்கில் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்தாலும் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சல், காரணமறியாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருத்தல், முதியவர் விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். நீரிழிவு உள்ளவரின் ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாகி வீங்கினால், வலி இல்லாவிட்டாலும் காலை ஊன்றாமல் வந்து காட்டுங்கள்.

மற்றவர்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது நாள்தோறும் அணியும் செருப்பையே அணிந்து வாருங்கள். மருத்துவமனைக்குப் போகிறோமே என்று புதுச் செருப்பு அணிந்து வருவோர் பலர். எங்களுக்கு வேண்டியது தேய்ந்த பழைய செருப்புதான். அதன் அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் உங்கள் நடையைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.